அக்காவின் நாட்டில் காடு வளர்கிறது

அக்கா சிங்கப்பூரிலிருந்து வருகிறாள் என்றால் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு நல்ல மீன் வந்துவிடும். மெர்சிங் கடற்கரையிலிருந்து எங்கள் ஊர் குளுவாங் சந்தைக்கு மீன் கொண்டுவரும் சீனருக்கு அம்மா தானே போன் போட்டு, தெங்கிரி, அதாவது வஞ்சிரம், இருக்கிறதா, நடுத்துண்டாக எடுத்து வைக்க முடியுமா என்று மலாயில் கேட்பார். வாரம் முழுக்க நான் வாங்கிவரும் மீனை, அது எதுவாக இருந்தாலும், ஒன்றும் சொல்லாமல் ஆக்கிப் போடுகிறவர் அவர்தான். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. பள்ளியில் புவியியல் ஆசிரியை. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். இருந்தும் அந்தத் தெங்கிரியைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. பெரியம்மாவின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். நாங்கள் லாபிஸுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பெரியம்மா காய்ச்சலில் இறந்த பிறகு பெரியப்பா வேறு தோட்டத்துக்கு வேலை மாறிப் போனார். அங்கே வேறு கல்யாணமும் ஆயிற்று. அக்கா தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். முதலில் என் அம்மாவைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டாள். மழை பெய்து ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை இல்லாத ஒரு காலையில், அடுப்படியில் குந்தியிருந்தவள், "அம்மா, தேத்தண்ணி குடுங்க" என்றாள். அம்மா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். திருத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் கோப்பையை எடுத்து ஊற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் பெரியவ, நான் சின்னவ. அதுவரை அந்த வீட்டில் நான் பெரியவளாகவும் இல்லை, சின்னவளாகவும் இல்லை. ஒரே ஒருத்தியாக இருந்தேன்.

இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது அக்காவுக்கு சிங்கப்பூரில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அடுத்த ஆண்டு நானும் அதே பரீட்சை எழுதினேன். எனக்குக் கிடைக்கவில்லை. அவள் அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் செய்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டாள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தைப் படிக்கிறாள். எந்த இடத்தில் காடு இருந்தது, எப்போது போனது, திரும்ப வந்ததா என்று பார்ப்பது அவள் வேலை. நான் மலேசியாவிலேயே ஆசிரியர் பயிற்சி முடித்து குளுவாங்குக்கு வந்தேன். அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு வைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் புவியியல் பிடித்தது ஒரே ஆசிரியரால்தான். அவளுக்கு அது பூமியானது. எனக்கு பாடத்திட்டமானது.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, தெங்கிரிக் குழம்பு சாப்பிட்டு முடித்ததும் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். இரண்டு நாட்டுக் காட்டுப் பரப்பும் காலப்போக்கில் எப்படி மாறியது என்று ஒப்பிட்டு ஒரு வேலை செய்கிறாளாம். திரையில் இரண்டு கோடுகள். எங்கள் மலேசியக் கோடு உயரத்தில் ஆரம்பித்து, சாய்ந்து சாய்ந்து இறங்கி, அண்மையில் கொஞ்சம் சமமாகிறது. இறங்கினாலும் அது இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது. நாட்டில் பாதிக்கு மேல் காடு என்பது எங்கள் அரசாங்கக் கணக்கு. சிங்கப்பூர்க் கோடு வெள்ளைக்காரன் காலத்திலேயே செங்குத்தாக விழுந்துவிட்டது. பிறகு நெடுங்காலம் தரையில் படுத்துக் கிடக்கிறது. கடைசியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும், நுனி லேசாக மேலே திரும்பியிருக்கிறது.

அந்த நுனியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாகக் காட்டை வைத்திருக்கிறவர்கள் நாங்கள். எங்கள் கோடு இறங்குகிறது. ஒன்றுமே இல்லாதவர்களின் கோடு ஏறுகிறது. வகுப்பில் எண்பது வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுபத்தைந்துக்கு வந்தால் திட்டு வாங்கும். பத்து வாங்கியவன் பன்னிரண்டு வாங்கினால் கைதட்டு. அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் சிரித்து, அது சரியான பேச்சுதான் என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய கதையையும் அவள்தான் சொன்னாள். சிங்கப்பூரில் முதலில் காட்டை வெட்டி மிளகும், தோல் பதனிட உதவும் காம்பிரும் பயிரிட்டார்கள். காம்பிர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும், அதற்கும் காட்டைத்தான் வெட்டினார்கள். மண் செத்துப்போனதும் அதே சீனக் குடியானவர்கள் நீரிணையைத் தாண்டி எங்கள் ஜொகூர் மாநில ஆற்றங்கரைகளுக்கு வந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அதனால் இந்த இரண்டு கோட்டையும் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது, அங்கே விழுந்ததன் தொடர்ச்சிதான் இங்கே விழுந்தது என்றாள். நான் இதே ஜொகூரில் இருபது வருஷத்துக்கு மேல் புவியியல் நடத்துகிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பிறகு, வந்த காரியத்தைச் சொன்னாள். வானத்திலிருந்து பார்க்கும்போது சில இடங்களில் முதிர்ந்த ரப்பருக்கும் காட்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அங்கே யாராவது நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். லாபிஸ், சிம்பாங் ரெங்கம் சுற்றுவட்டாரத்தில் சில புள்ளிகள் இருக்கின்றன, நீ பார்த்துச் சொல்வாயா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். ஆசையும் இருந்தது. அவளுக்கு நான் தேவைப்படுகிறேன் என்பதில் ஒரு திருப்தி. கோடு போடுவது அவள், வெயிலில் நடப்பது நான் என்பதில் எரிச்சல்.

புள்ளிகளில் ஒன்று எங்கள் பழைய தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலை. அதில் காடு போய்விட்டதாக அவள் படம் காட்டியது.

"அது காடுதான். லாபிஸ் ரோட்டுல போறப்பல்லாம் பார்க்கிறேன்," என்றேன்.

"ரோட்டுல இருந்து இந்தப் பக்கம்தான் தெரியும். பின்பக்கம் பாரு, வெறும் மண்ணு."

"மேகமா இருக்கும்."

"மேகம் இவ்வளவு சதுரமா இருக்காது லா."

நான் விடவில்லை. நான் இங்கே இருக்கிறவள், நீ வானத்திலிருந்து பார்க்கிறவள் என்ற தோரணையில் பேசினேன். என் கணவர் டிவியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா, "நாளைக்கு நேர்ல போய்ப் பார்த்துடலாம்" என்றாள். அம்மா உள்ளேயிருந்து, நானும் வருகிறேன் என்று குரல் கொடுத்தார். லாபிஸ் பக்கம் வரச்சொல்லி நான் கூப்பிட்டபோதெல்லாம் முட்டி வலிக்கிறது என்று சொன்னவர்.

மறுநாள் காலை என் காரில் போனோம். குளுவாங்கைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைதான். அக்கா முன் இருக்கையில் போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, எங்கே எந்த வருஷம் எது இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் அம்மா ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்றார். நான் வகுப்பில் நடத்துவதைப் பற்றி வீட்டில் பேசினால் அம்மா சீரியலின் சத்தத்தைக் கூட்டுவார்.

எங்கள் தோட்டத்துக்குள் வண்டியை விட்டேன். லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை வரிசை. மாட்டுக்கொட்டகையின் சிமெண்ட் தரை மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. அக்கா இறங்கி அதைப் படம் எடுத்தாள். பிறகு ஒன்று சொன்னாள். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து எடுக்கிற ஒரு கணக்கில் ரப்பர் தோட்டமும் காடு என்றே சேருமாம், செம்பனை சேராது. ஆகவே நாங்கள் பிறந்து வளர்ந்த இடம் அந்தக் கணக்குப்படி காடு. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த ஆண்டில் காடு அழிந்தது.

"காடுதானே அது," என்றார் அம்மா. "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தானே வேலைக்குப் போவேன்."

உண்மைதான். தோட்டத்தில் ரப்பர் நிரைகளுக்குக் காடு என்றுதான் பேர். மலையில் இருந்த நிஜக் காட்டுக்கு நாங்கள் பேரே வைக்கவில்லை. மலை என்போம், அவ்வளவுதான். அக்கா இதைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இதைத் தன் உரையில் சொல்லப்போவதாகச் சொன்னாள். நான் கார்ச் சாவியைத் திருகினேன்.

மலைக்குப் போகும் செம்மண் பாதையின் வாயிலில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: ஹுத்தான் சிம்பான் கெக்கல். நிரந்தரக் காப்புக் காடு என்று அர்த்தம். நான் பலகையைக் காட்டி அக்காவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். அம்மாவை நிழலில் நிறுத்திய காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் நடந்தோம். முதல் பகுதி நான் சொன்னபடியே இருந்தது. மெராந்தி மரங்கள், கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரம். ஈரவாசனை. தூரத்தில் ஏதோ ஒரு குரங்குக் கூட்டம் கத்தியது. என் நடையில் வேகம் கூடியது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நான் நிற்கவில்லை.

முகட்டில் ஏறியதும் வெளிச்சம் கண்ணில் அடித்தது. பின்பக்கச் சரிவு முழுக்கச் செம்மண். மலையைப் படிப்படியாகச் செதுக்கி, ஒவ்வொரு படியிலும் இடுப்புயர ரப்பர்க் கன்றுகளை வரிசையாக நட்டிருந்தார்கள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்காக அங்கிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு அவரிடம் மலாயில் விசாரித்தேன். இது பாலுக்கும் மரத்துக்கும் சேர்த்துப் போடுகிற புது ரப்பர் என்றார். காப்புக் காட்டின் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டேன். அவர் சோற்றுக் கையாலேயே கன்றுகளைக் காட்டி, இதுதான் காடு, கக் என்றார், அக்கா என்று மலாயில் அழைப்பதுபோல. கேலி எதுவும் இல்லை. அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சட்டப்படி அதில் தப்பில்லை என்று அக்கா விளக்கினாள். காப்புக் காட்டுக்குள் மரத்தோட்டம் போட அனுமதி வாங்கலாம். போட்ட பிறகும் அது காட்டுக் கணக்கிலேயே இருக்கும். நான் எதுவும் காதில் வாங்கவில்லை. மலை போனதற்கு நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது அந்தத் துக்கம் இல்லை. அவள் சொன்னது சரியாகிவிட்டதே என்ற துக்கம். எங்கேயோ அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் மலையின் முதுகை அவள் பார்த்திருக்கிறாள். நான் மாதம் இரண்டு தடவை அதன் முன்னால் போய்க்கொண்டிருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"இதை எப்படிப் போடப்போற?" என்று கேட்டேன்.

"காடு இல்லன்னுதான்."

"எங்க கணக்குல இது காடு. பலகையப் பார்த்த இல்ல?"

"உங்க நாட்டுக் கணக்குல எழுதிட்டா காடாயிடுமா?"

உங்க நாடு. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அவளுக்கே அது தெரிந்திருக்க வேண்டும், முகம் மாறியது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க நாட்டுக் காட்டுல ஊறி வர்ற தண்ணியத்தான் நீங்க குழாயத் தொறந்து குடிக்கிறீங்க," என்றேன். "நீங்க வெட்டித் தீர்த்துட்டு, இப்ப ரோட்டோரம் நாலு மரத்த நட்டுட்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க."

ரோட்டோர மரத்தை நாங்கள் காட்டில் சேர்ப்பதில்லை என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அந்த நேரத்திலும் அவள் கணக்கைத் திருத்தியது என்னை இன்னும் கிளறிவிட்டது. இறங்கினோம். இந்தத் தடவை அவள் முன்னால் போனாள்.

கீழே வந்தால் காரில் அம்மா இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அம்மா" என்று கத்தினோம். பாதையோர வாய்க்காலுக்குள்ளிருந்து பதில் வந்தது. முட்டி வலிக்காரர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சரிவில் நின்று, சுருண்ட நுனியோடு முளைத்த காட்டுப் பெரணியை ஒடித்துக்கொண்டிருந்தார். புளிச்சாறும் சம்பலும் போட்டு வதக்கினால் நன்றாக இருக்கும் கீரை அது. இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினோம். காரில் உட்கார்ந்ததும் கீரையை இரண்டு பிளாஸ்டிக் பையில் பிரித்தார். அக்காவுடைய பை பருத்திருந்தது. "அங்க இது நல்லதா கிடைக்காது" என்றார். என் பையை மடியில் வைத்தபோது கனமே தெரியவில்லை. இந்த நாட்டில் இருப்பவளுக்கு இது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்பது அம்மாவின் கணக்கு. நான் வாய்க்காலில் இறங்கி ஒரு நாளும் பறிக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகும் மீதிப் புள்ளிகளை நான் பார்த்துக் கொடுத்தேன். கோபத்தில் விட்டுவிடவில்லை. படங்களை ஒழுங்காக அனுப்பினேன், ஒரு வார்த்தை கூடுதலாக எழுதாமல். அவளும் நன்றி என்று மட்டும் பதில் போட்டாள். சில மாதம் கழித்து, அங்கே ஒரு நூலகத்தில் பொதுமக்களுக்காகப் பேசப்போவதாகவும் நான் அவசியம் வரவேண்டும் என்றும் அழைத்தாள். போக விருப்பமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எனக்குப் பருத்திச் சேலை ஒன்றை இஸ்திரி போட்டு வைத்தார்.

சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைக் கடக்க வழக்கம்போல் பாதி நாள் போயிற்று. குடிநுழைவு வரிசையில் நின்று வெளியே வந்து பேருந்து ஏறியதும் நான் ஒவ்வொரு தடவையும் செய்வதையே செய்தேன், மரங்களைப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு இரண்டு பக்கமும் கிளையை நீட்டிக் கூரைபோல் பிடித்திருந்தன. எதிலும் காய்ந்த கிளை இல்லை. எல்லாவற்றுக்கும் யாரோ ஒரு ஆள் இருக்கிறார். விரைவுச்சாலைக்கு மேலே விலங்குகள் கடந்துபோக மரம் செடி வைத்து ஒரு பாலமே கட்டியிருக்கிறார்கள் என்று அக்கா முன்பு சொல்லியிருந்தாள். எங்கள் மெர்சிங் சாலையில் தப்பீர் என்ற காட்டு மிருகம் அடிபட்டுக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தப்பீருக்காகவும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அக்கா ஆங்கிலத்தில் பேசினாள். நன்றாகப் பேசினாள். எங்கள் நாட்டுக்கு அவள் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு போட்டிருந்தாள். ஒன்று ஏட்டில் இருப்பது, இன்னொன்று படத்தில் தெரிவது. இரண்டும் ஓர் இடத்தில் பிரிந்து, போகப்போக விலகின. தன் நாட்டுக் கோட்டின் நுனியைக் காட்டியபோது முன்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். தரையில் கிடப்பவர் எழுந்து உட்கார்ந்ததற்குக் கைதட்ட வேண்டாம், நாம் ஏன் தரையில் கிடந்தோம் என்று முதலில் கேட்போம் என்ற பொருளில் ஏதோ சொன்னாள். வயதான ஒருவர், இரண்டில் எந்த நாடு நன்றாகச் செய்தது என்று கேட்டார். அதற்கு அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. முதலில் எவ்வளவு இருந்தது, யார் எந்தக் காலத்தில் இழந்தார்கள், இழந்தது யாருடைய பயிருக்காக என்று பார்க்காமல் கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்றாள். நான் சாப்பாட்டு மேசையில் எண்பது மார்க்கு, பத்து மார்க்கு என்று சொன்னதும் அதில் இருந்தது. மெருகேறியிருந்தது. என் பேர் இல்லை.

பிறகு திரையில் மலை வந்தது. நான் முகட்டில் நின்று எடுத்த படம். படம் எடுத்தது என் தங்கை என்று சொல்லி என் பக்கம் கை காட்டினாள். சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது, சந்தோஷம்தான். அடுத்த வாக்கியத்தில் அவள், இது என் சொந்த ஊர் என்றாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்து உணவுக் கூடத்தில் உட்கார்ந்தோம். தேநீர் வரும்வரை பொறுத்திருந்தேன்.

"மலை மேல உங்க நாடுன்ன. மேடை மேல என் ஊருங்கிற. எது நெசம்?"

அவள் கரண்டியால் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டும்தான்," என்றாள். "நீ அங்கேயே இருக்க. உனக்கு அத சொல்லிக்கவே தேவையில்ல. நான் சொல்லலன்னா, நான் அந்த ஊருன்னு எனக்காக யாரும் சொல்லமாட்டாங்க."

அவள் கரண்டியை வைத்துவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அம்மாவ கொஞ்ச நாளைக்கு என்கிட்ட விடு. நீ தினமும் அவங்க கையால சாப்பிடற. நான் வர்ற அன்னிக்கு அவங்க விருந்து வைக்கிறாங்க. எனக்கு விருந்து போதும்டி. மிச்சச் சோறு, பழங்குழம்பு, அது வேணும்."

அம்மாவுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது, மாடி வீட்டில் அடைந்து கிடக்க மாட்டார், மருந்து மாத்திரை வேளை உனக்குத் தெரியாது என்று நான் வரிசையாகச் சொன்னேன். அவள் வாதாடவில்லை. பேருந்து நிலையம்வரை வந்து வழியனுப்பினாள்.

வீட்டில் அம்மாவிடம், அக்கா இப்படி ஒரு பைத்தியக்கார யோசனை வைத்திருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் போறேன்," என்றார். "அவ கேட்கிறது இது மொத தடவ இல்ல. பல வருஷமா கேட்கிறா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவ. சின்னப் புள்ளைல இருந்து உனக்கு அதானே. அவளுக்கு ஒரு துண்டு கூட வச்சா உனக்குத் தொண்டையில எறங்காது. அதனாலதான் இந்தப் பக்கமே இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயத் தோலை ஒதுக்கி வைத்த அதே அமைதியில் சொன்னார். இத்தனை வருஷம் அம்மா என்னோடு இருந்தது என்மேல் உள்ள பிரியத்தால் என்று நினைத்திருந்தேன். பிரியமும்தான். கூடவே, நான் தாங்கமாட்டேன் என்ற கணிப்பும் இருந்திருக்கிறது. அந்தக் கணிப்பு சரியா என்று எனக்கு உடனே தெரிந்தது. ஏனென்றால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவே வந்து அழைத்துப் போனாள். நானும் என் கணவரும் ஜொகூர் பாரு வரை கொண்டுபோய் விட்டோம். அம்மா தன் சின்னப் பெட்டியோடு குடிநுழைவுச் சாவடியைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கை காட்டினார். முட்டி வலியைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். போனில் படங்கள் வர ஆரம்பித்தன. அம்மா பூங்காவில், தலையில் அக்காவின் தொப்பியோடு. வாய்க்கால் ஓரம் நீர்நாய்க் குடும்பம் ஒன்றை அம்மா பார்த்துக்கொண்டிருப்பது. ஒரு நாள், அடுக்குமாடித் தாழ்வாரக் கம்பியில் இருவாட்சி ஒன்று உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது. குரல் பதிவில் சொன்னார்: லாபிஸில் அத்தனை வருஷம் இருந்தும் அந்தப் பறவையைச் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறாராம், இங்கே ஜன்னலுக்கே வருகிறதாம், ஒன்றுக்கும் பயப்படுவதில்லையாம். நான் படத்தைப் பெரிதாக்கி அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன், இளைத்திருக்கிறாரா என்று. கன்னம் பூசினாற்போல் இருந்தது.

என் கணவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மாமியார் அங்கேயே வேர் விட்டுவிடுவார் போலிருக்கிறதே என்றார். நான் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

பள்ளி விடுமுறையின்போது அக்கா மறுபடி புள்ளிகளை அனுப்பினாள். ஆண்டுதோறும் அதே இடங்களைப் பார்க்க வேண்டும், முடியுமா என்று கேட்டிருந்தாள். முடியாது என்று எழுதி, அழித்துவிட்டு, முடியும் என்று அனுப்பினேன். வீட்டில் சமைக்க மனமில்லாத ஒரு வியாழக்கிழமை காலை தனியாக லாபிஸுக்குப் போனேன்.

மலை முகட்டில் கன்றுகள் என் உயரத்துக்கு வந்திருந்தன. தார்ப்பாய் இல்லை, ஆளும் இல்லை. முன்பு நின்ற இடத்திலிருந்தே படம் எடுத்துக்கொண்டேன். அக்கா கேட்டது அவ்வளவுதான். திரும்பியிருக்கலாம். ஆனால் சரிவின் மறுகோடியில் ஓடை இறங்கும் மடிப்பில் வேறொரு பச்சை தெரிந்தது. ரப்பரின் பச்சை ஒரே நிறம். இது பல நிறம். படிப்படியாகக் கால் வைத்து இறங்கினேன்.

அங்கே நட்ட ரப்பர் பிழைக்கவில்லை. மண் சரிந்து படிகள் உடைந்திருந்தன. மறுபடி நட யாரும் வரவில்லை போலிருக்கிறது. அந்த உடைப்பிலிருந்து மகாங் மரங்கள் கிளம்பியிருந்தன. குடைபோல் அகன்ற இலை, சிவந்த காம்பு. வெட்டிய காட்டில் முதலில் வருவது அதுதான். அதற்குக் கீழே காட்டுவாழை, பெரணி, பேர் தெரியாத கொடிகள். அவற்றின் நிழலில், விரல் தடிமனில், நேராக, இலை குறைவாக ஒரு கன்று நின்றது. மெராந்தியாக இருக்கலாம். மேலே மிச்சமிருக்கும் காட்டிலிருந்து விதை பறந்து வந்திருக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் கலங்கலில்லாமல் ஓடியது. ஒரு சின்னப் பறவை மகாங் பழத்தைக் கொத்திவிட்டு என்னைப் பார்த்ததும் பறந்தது. எங்கள் வீடும் பக்கத்து வீடும் சேர்ந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் மொத்த இடம்.

ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சேற்றில் சேலை கெட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில், யாரும் நடாமல், யாரும் ஆள் போட்டுப் பார்க்காமல் அது தானாக வந்துகொண்டிருந்தது. நிறையப் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அக்கா கேட்ட படங்களை வரிசைப்படி அனுப்பினேன். ஓடைப் படங்களை அனுப்பவில்லை. சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். எல்லாம் தெளிவாக இருக்கிறது, மிக்க உதவி என்றாள். பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது, அம்மா இருமுவதும் கேட்டது.

"வேற எதாச்சும் மாறியிருக்கா அங்க?" என்று கேட்டாள்.

"இல்ல. அதே ரப்பர்தான்."

"சரி. அம்மாகிட்ட குடுக்கட்டுமா?"

குடு என்றேன். அம்மா இன்று முருங்கைக்கீரை ஆக்கியதைப் பற்றிப் பேசினார், திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓடையோரத்து அந்த மரங்கள் இன்னும் கொஞ்சம் விரிந்து, மேகமில்லாத ஒரு நாளில் அக்காவின் படத்தில் ஒரு சின்னப் பச்சைச் சதுரமாகத் தெரியத்தான் போகின்றன. அப்போது அவளே கண்டுபிடித்து என்னிடம் கேட்பாள். அதுவரைக்கும் அது எனக்கு மட்டும்.